அணைத்த விளக்கில் இருக்கும் மின்சாரம்

கும்பகோணத்தில் அம்மா இருக்கும் வீடு 1986இல் கட்டியது. அதன் மாடிப்படிக்கு மேலே ஒரு விளக்கு உண்டு; படியின் கீழே ஒரு சுவிட்சும் மேலே ஒரு சுவிட்சும் அதற்கு உண்டு. பல ஆண்டுகளாக அங்கே 40 வாட் குண்டு பல்புதான் எரிந்துகொண்டிருந்தது. சென்ற கார்த்திகையில் அந்த பல்பு போய்விட, அம்மா பக்கத்து வீட்டுப் பையனை ஏணியில் ஏறச் சொல்லி 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை மாட்டச் செய்தார். அன்று இரவே எனக்குத் தொலைபேசி வந்தது.

"சுவிட்சை அணைச்ச பிறகும் அது முழுசா அணைய மாட்டேங்குதுப்பா. ராத்திரி முழுக்க மங்கலா எரிஞ்சுக்கிட்டே இருக்கு. கரண்டு வீணாப் போகுமா?"

வீணாகும் மின்சாரம் மிக அற்பம், அதனால் மின்கட்டணம் ஒரு ரூபாய்கூட ஏறாது என்று சொல்லிவிட்டு, நான் வரும்வரை அந்த பல்பை யாரும் கழற்ற வேண்டாம் என்றும் சொன்னேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் பிரிவு மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்ற முறையில், அணைத்த விளக்கு மங்கலாக எரிகிறது என்று யார் சொன்னாலும் என் மனத்தில் முதலில் எழும் ஐயம் ஒன்றுதான்: அந்தச் சுவிட்ச் எந்தக் கம்பியை வெட்டுகிறது?

இதைப் புரிந்துகொள்ள விளக்குச் சுற்றின் அடிப்படையைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஒருமுனை இணைப்புள்ள வீட்டுக்குத் தெருவிலிருந்து இரண்டு கம்பிகள் வருகின்றன. ஒன்று பேஸ், மற்றொன்று நியூட்ரல். இரண்டுக்கும் இடையே 230 வோல்ட். நொடிக்கு 50 சுழற்சி. மின்மாற்றியின் அருகிலேயே நியூட்ரல் மண்ணோடு இணைக்கப்பட்டிருப்பதால், தரையில் நிற்கும் நாமும் நியூட்ரலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கிறோம். பேஸ் மட்டும் நம்மைவிட 230 வோல்ட் விலகி நிற்கிறது. விளக்கு எரிய வேண்டுமானால் மின்னோட்டம் பேஸிலிருந்து கிளம்பி, சுவிட்சைக் கடந்து, விளக்கின் வழியே நியூட்ரலுக்குத் திரும்ப வேண்டும். இந்த வட்டத்தை எங்கே வெட்டினாலும் ஓட்டம் நின்றுவிடும். ஆகவே சுவிட்சைப் பேஸ் கம்பியில் போட்டாலும் விளக்கு அணையும், நியூட்ரல் கம்பியில் போட்டாலும் விளக்கு அணையும். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதில்தான் இந்தத் தவறின் ஆபத்து முழுவதும் இருக்கிறது.

சுவிட்ச் பேஸை வெட்டினால், அணைத்த பிறகு ஹோல்டர், பல்பு, அதற்குப் போகும் கம்பி எல்லாமே நியூட்ரலோடு சேர்ந்து நம் மட்டத்துக்கு வந்துவிடும். சுவிட்ச் நியூட்ரலை வெட்டினாலோ, பேஸ் தடையில்லாமல் ஹோல்டர்வரை வந்து, பல்பின் வழியாகவே மறுபக்கம் இறங்கி, திறந்திருக்கும் சுவிட்சின் வாயில்வரை வந்து காத்து நிற்கும். விளக்கு அணைந்திருக்கும், ஆனால் அதன் ஒவ்வோர் அங்கமும் 230 வோல்ட்டில் இருக்கும். நம் ஊர் ஹோல்டரின் வாய் அகலமானது. பல்பைக் கழற்றினால் உள்ளே ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் இரண்டு பித்தளை முனைகளும் விரலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் இரும்பு ஏணியில் ஏறி, பழைய பல்பின் சிக்கிக்கொண்ட தகரமூடியை விரலால் நெம்புகிறவர் அந்த வட்டத்தின் மீதிப் பாதியாக ஆகிவிடுவார்.

சனிக்கிழமை காலை ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அந்த ஹோல்டரைச் சோதித்தேன். மரப்பலகை ஒன்றின் மேல் நின்று, சுவிட்ச் அணைந்த நிலையில் பல்பைக் கழற்றிவிட்டு, டெஸ்டரின் முனையை ஒரு பித்தளைமுனையில் வைத்தேன். டெஸ்டரின் சிறு நியான் விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஆனால் டெஸ்டர் எரிந்தது என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று மாணவர்களுக்கு நான் எப்போதும் வலியுறுத்துவதுண்டு. டெஸ்டருக்குள் மிகப் பெரிய தடையம் ஒன்று இருக்கிறது; அதன் வழியே மில்லி ஆம்பியரில் ஒரு சிறு பங்கு ஓடினாலே நியான் ஒளிர்ந்துவிடும். அருகில் ஓடும் இன்னொரு கம்பியிலிருந்து தொற்றிவரும் வலுவற்ற மின்னழுத்தத்துக்கும் அது எரியும், உண்மையான பேஸுக்கும் எரியும். எனவே கையோடு கொண்டுபோயிருந்த டெஸ்ட் லேம்ப்பை, அதாவது ஹோல்டரில் மாட்டிய 60 வாட் குண்டு பல்பையும் இரண்டு நீளக் கம்பிகளையும் எடுத்து, ஒரு கம்பியை மெயின் போர்டின் நியூட்ரலிலும் மற்றொன்றை ஹோல்டரின் அந்த முனையிலும் வைத்துப் பார்த்தேன். 60 வாட்டும் முழுமையாக எரிந்தது. தொற்று மின்னழுத்தத்தால் ஒருநாளும் அப்படி எரிக்க முடியாது. அங்கே நிற்பது அசல் பேஸ்தான்.

மெயினை அணைத்து, படிக்குக் கீழே கம்பிகள் ஒன்றுசேரும் ஜங்ஷன் பாக்ஸின் மூடியைத் திறந்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. கீழ்ச் சுவிட்சுக்குப் போவது நியூட்ரலுக்குரிய கறுப்புக் கம்பி; விளக்குக்கு நேராகப் போவது பேஸுக்குரிய சிவப்பு. மாடி அறை பின்னாளில் எடுத்துக் கட்டியது. அப்போது வேலை செய்தவர், மாலைநேர இருட்டிலோ அவசரத்திலோ, இரண்டையும் மாற்றி முறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். விளக்கு எரிந்தது, அணைந்தது. யாருக்கும் ஐயம் வரவில்லை. அந்தப் படியின் கீழ்தான் நானும் தம்பியும் வளர்ந்தோம். அந்த பல்பை எத்தனை முறை நான் மாற்றியிருப்பேன் என்பதை அன்று நினைத்துப் பார்த்தபோது உள்ளங்கை வியர்த்தது.

படிக்கட்டு விளக்கின் அமைப்பைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். சாதாரணச் சுவிட்சுக்கு இரண்டு முனைகள். படிக்கட்டில் போடும் டூவே சுவிட்சுக்கு மூன்று. நடுவில் உள்ளது பொதுமுனை. அது மேலே தள்ளினால் ஒரு முனையோடும் கீழே தள்ளினால் மற்றொன்றோடும் சேரும், எதோடும் சேராத நிலை அதற்குக் கிடையாது. கீழ்ச் சுவிட்சின் பொதுமுனைக்குப் பேஸ் வரும். மேல் சுவிட்சின் பொதுமுனையிலிருந்து விளக்குக்குக் கம்பி போகும். இரண்டு சுவிட்சுகளின் மற்ற முனைகளை இரண்டு கம்பிகள் இணைக்கும். இரண்டு சுவிட்சும் ஒரே கம்பியைப் பிடித்தால் விளக்கு எரியும், ஆளுக்கொரு கம்பியைப் பிடித்தால் அணையும். படிக்கட்டு விளக்கில் அடிக்கடி வரும் குறை, சுவிட்சை மாற்றும்போது பொதுமுனைக்குரிய கம்பியை ஓர முனையில் மாட்டிவிடுவது. அப்போது கீழ்ச் சுவிட்ச் ஒரு குறிப்பிட்ட நிலையில் இருந்தால் மட்டுமே மேல் சுவிட்ச் வேலை செய்யும். இப்படிப்பட்ட வீட்டில் ஆண்டுக்கணக்காகப் படியேறி இறங்கிச் சுவிட்சைப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு கம்பிகளை இடம் மாற்றியிருந்தால் போதும்.

பாக்ஸில் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி, முறுக்கி, டேப் சுற்றி மூட இருபது நிமிடம் ஆயிற்று. மெயினைப் போட்டு டெஸ்ட் லேம்ப்பால் பார்த்தேன். சுவிட்ச் அணைந்திருக்கையில் ஹோல்டரின் எந்த முனையிலும் அது எரியவில்லை. எல்.இ.டி. பல்பை மாட்டி, ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கிப் பார்த்தபோது, முன்பைவிடக் குறைவாகத்தான் என்றாலும், பல்பு இன்னும் மங்கலாக ஒளிர்ந்துகொண்டுதான் இருந்தது.

ஆபத்து நீங்கியது, அறிகுறி நீங்கவில்லை. இதற்குக் காரணம் வேறு. இரண்டு சுவிட்சுகளுக்கும் இடையே அந்த இரண்டு கம்பிகளும் ஒரே குழாய்க்குள் ஒன்றோடொன்று ஒட்டியபடி சுமார் 12 மீட்டர் ஓடுகின்றன. விளக்கு அணைந்திருக்கும்போது அவற்றில் ஒன்று பேஸில் இருக்கும், மற்றொன்று விளக்கோடு சேர்ந்து சும்மா தொங்கும். இடையே காப்புறை இருந்தாலும், மாறுதிசை மின்சாரத்துக்கு அப்படி நெருங்கி ஓடும் இரண்டு கம்பிகள் ஒரு சிறு கண்டென்சரே, அதாவது மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் உறுப்பே. அதன் வழியே ஒரு மில்லி ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஓட்டம் கசியும். 60 வாட் குண்டு பல்பு எரிய சுமார் 260 மில்லி ஆம்பியர் வேண்டும். அதன் டங்ஸ்டன் இழை 2,000 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் வெளிச்சம் தரும். இந்தக் கசிவை அது உணரவே உணராது. எல்.இ.டி. சில்லுக்கோ சூடேற வேண்டிய கட்டாயம் இல்லை. மிகச் சிறு ஓட்டத்துக்கும் அது தன்னால் இயன்ற ஒளியைத் தரும். சில பல்புகளில் உள்ளிருக்கும் கண்டென்சர் இந்தக் கசிவைச் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்து, நிறைந்ததும் ஒருமுறை மின்னி, மறுபடியும் சேர்க்கத் தொடங்கும். சுவிட்ச் பலகையில் சிவப்பு இண்டிகேட்டர் விளக்கு பொதித்த சுவிட்சுகள் இருந்தாலும் இதே கதைதான். அந்த இண்டிகேட்டர் எரிவதே விளக்கின் வழியாக ஓடும் கசிவால்தான்.

பல்பின் இரு முனைகளுக்கும் குறுக்கே, மின்வழங்கலில் நேரடியாக மாட்டத் தகுந்த எக்ஸ்2 வகைக் கண்டென்சர் ஒன்றை, 0.1 மைக்ரோ ஃபாரட் அளவில், போட்டால் கசிவு அந்தப் பாதையில் போய்விடும். கணக்கிட்டுப் பார்த்தால் விளக்கின் முனைகளில் 3 வோல்ட்தான் மிஞ்சும். அது எந்த எல்.இ.டி. பல்பையும் எழுப்பாது. கூரையில் விளக்குக் கம்பி இணையும் வட்டப் பெட்டியான சீலிங் ரோஸுக்குள் அதை மாட்டியதும் படிக்கட்டு நன்றாக இருட்டாயிற்று.

குறைந்த விலையில் எல்.இ.டி. பல்பு வழங்கும் மத்திய அரசின் உஜாலா திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கியதிலிருந்து நாடு முழுவதும் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் அதன்கீழ் வழங்கப்பட்டிருக்கின்றன. மின்செலவு குறைந்ததைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். குண்டு பல்பு பல தலைமுறையாக மறைத்துவைத்திருந்த வயரிங் குறைகளை எல்.இ.டி. வெளியே காட்டிக்கொடுக்கிறது என்பதை அதே அளவுக்குப் பேசவில்லை. மங்கலாக எரியும் பல்பைக் கடையில் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குகிறார்கள். வேறு நிறுவனத்தின் பல்பு தன் உள்ளமைப்பால் அந்தக் கசிவை விழுங்கிவிட்டால் சிக்கல் தீர்ந்ததாக எண்ணிக்கொள்கிறார்கள். ஹோல்டரில் பேஸ் அப்படியே நின்றுகொண்டிருக்கும்.

எல்.இ.டி. பல்பு போய்விட்டால் பெரும்பாலும் அதைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். ஒருமுறையாவது அதன் வெள்ளை மூடியைத் திருகித் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே வட்டமான அலுமினியத் தகட்டில் பத்துப் பன்னிரண்டு மஞ்சள் சதுரங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். அந்த மஞ்சள், மேலே பூசிய பாஸ்பர். அடியில் உள்ள சில்லு தருவது நீல ஒளி. நீலத்தில் ஒரு பகுதியைப் பாஸ்பர் மஞ்சளாக்க, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகிறது. அந்த நீல ஒளியை உண்டாக்கும் சில்லைச் செய்து காட்டியதற்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. போன பல்பில் பெரும்பாலும் ஏதோ ஒரு சதுரத்தின் நடுவே கடுகளவு கறுப்புப் புள்ளி தெரியும். தொடரில் ஒன்று அறுந்தால் எல்லாம் நின்றுவிடும் என்பதால், ஒரு கடுகுப் புள்ளி முழு பல்பையும் அணைத்துவிடுகிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் சூடு. குண்டு பல்புக்குச் சூடு கேடில்லை, எல்.இ.டி.க்கு அதுவே எமன். காற்றோட்டமில்லாத கண்ணாடிக் குடுவைக்குள் மாட்டிய 12 வாட் பல்பு, திறந்த ஹோல்டரில் மாட்டியதைவிட வெகு சீக்கிரம் போய்விடுவதும், அதன் உள்ளிருக்கும் மின்பகு கண்டென்சர் தலை உப்பி நிற்பதும் இதனால்தான். பல்பு விட்டு விட்டு எரிந்தாலோ, பல்பைக் குறை சொல்லும் முன் ஹோல்டரைப் பார்க்க வேண்டும். பித்தளை முனையின் ஸ்பிரிங் சோர்ந்து உள்ளே அமுங்கியிருந்தால் எந்தப் புதிய பல்பும் அங்கே நிலையாக எரியாது.

அம்மா வீட்டுக் கூடத்தில் இன்னும் பழைய சோக்கு, அதாவது இரும்புத் தகடுகளில் சுற்றிய கம்பிச்சுருள், வைத்த டியூப்லைட் இருக்கிறது, அதை மாற்ற அவர் ஒப்புவதில்லை. எனக்கும் அதன்மேல் தனி மதிப்பு உண்டு. அதைப்போல் தன் வேலையைக் கண்ணெதிரே செய்துகாட்டும் விளக்கு வேறில்லை. சுவிட்சைப் போட்டவுடன் 230 வோல்ட் முழுவதும் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சிறு கண்ணாடிக் குமிழுக்குக் கிடைக்கிறது. அதிலுள்ள வாயு ஒளிர்ந்து சூடேற, இரு உலோகப் பட்டை வளைந்து எதிர்முனையைத் தொடுகிறது. இப்போது சோக்கின் வழியாகவும் குழலின் இரு நுனி இழைகள் வழியாகவும் ஓட்டம் பாய்ந்து, நுனிகள் செம்மஞ்சளாகச் சூடேறுகின்றன. பட்டை ஒட்டிக்கொண்டதால் ஸ்டார்ட்டரின் ஒளிர்வு நின்றுவிட, அது குளிர்ந்து, மறுபடி விலகுகிறது. ஓட்டம் திடீரென அறுபட்ட அந்தக் கணத்தில், சோக்கு தன் காந்தப்புலத்தில் தேக்கிவைத்திருந்த ஆற்றலைப் பல நூறு வோல்ட் அடியாக வெளிவிடுகிறது. குழலுக்குள் உள்ள பாதரச ஆவி கடத்தத் தொடங்குகிறது. எரியத் தொடங்கிய குழலின் இரு முனைகளுக்கும் இடையே 100 வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் இருக்கும். ஸ்டார்ட்டர் மறுபடி ஒளிர அது போதாது. அதனால்தான் எரிந்துகொண்டிருக்கும் டியூப்லைட்டின் ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டாலும் அது எரிந்துகொண்டே இருக்கிறது.

இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் அதன் குறைகளை நின்ற இடத்திலிருந்தே படித்துவிடலாம். இரண்டு நுனிகளும் செம்மஞ்சளாக எரிந்தபடியே நடுக்குழல் இருட்டாக இருந்தால், ஸ்டார்ட்டரின் பட்டை ஒட்டிக்கொண்டு விலகவில்லை, அல்லது அதற்குள் இருக்கும் சிறு கண்டென்சர் ஷார்ட் ஆகிவிட்டது. மினுக்கி மினுக்கி நிலைகொள்ளாமல் இருந்தால், முதலில் ஸ்டார்ட்டரை மாற்றிப் பார்க்கலாம். நுனிகள் கரிபோல் கறுத்திருந்தால் இழைமேல் பூசிய பொருள் தீர்ந்துவிட்டது, குழலின் ஆயுள் முடிந்தது. எதுவுமே நடக்காமல் இருந்தால், குழலைக் கால் சுற்றுத் திருப்பி ஹோல்டரில் மறுபடி உட்காரவைத்தால் பெரும்பாலும் எரியும். இரைச்சல் வந்தால் அது சோக்கின் தகடுகள் தளர்ந்ததால் வருவது. காதுக்குத் தொல்லை, வேறு கேடில்லை.

சுவிட்சுக்கு வருகிறேன். படிக்கட்டின் பழைய பியானோ சுவிட்சை அன்று பலகையிலிருந்து இறக்கி, பின்பக்க ஆணியை நெம்பித் திறந்து அம்மாவுக்குக் காட்டினேன். நாம் அழுத்தும் வெள்ளைக் கட்டைக்கு அடியில் ஒரு ஸ்பிரிங். அதன் நுனியில் ஒரு சிறு குமிழ். அது அழுத்திக்கொண்டிருப்பது சீசாப் பலகைபோல் இருபுறமும் சாயக்கூடிய ஒரு பித்தளைத் தகட்டை. கட்டையை அழுத்தும்போது குமிழ் தகட்டின்மேல் வழுக்கிப்போய், நடுப்புள்ளியைத் தாண்டிய கணத்தில் தகடு தானாக மறுபுறம் சாய்கிறது. 'டக்' என்ற ஓசை அதுதான். இந்த வேகம் அலங்காரத்துக்கு வைத்ததன்று. தொடுமுனைகள் பிரியும்போது இடையே ஒரு தீப்பொறி வில் எழுகிறது. பிரிவு எவ்வளவு விரைவாக நடக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் அது அறுகிறது. நொடிக்கு 100 முறை சுழியைத் தொடும் மாறுதிசை மின்சாரம் அந்த வில்லை அணைக்க உதவுகிறது. சூரியத் தகட்டிலிருந்து வரும் நேர்மின்சாரத்துக்கு அந்த உதவி இல்லை. அதனால் வீட்டுச் சுவிட்சை அங்கே மாட்டக் கூடாது. சுவிட்சைப் பாதி அழுத்தி, தொட்டும் தொடாமலும் வைத்து விளையாடும் பிள்ளைகளைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். அப்போது எழும் பொறி ஒவ்வொன்றும் தொடுமுனையில் பூசிய வெள்ளிக் கலவையைச் சிறிது தின்றுவிடுகிறது. அம்மாவின் சுவிட்சில் அந்தப் பொட்டுகள் கறுத்து, ஒன்று குழிந்தே போயிருந்தது. ஸ்பிரிங்கும் துவண்டிருந்தது. அந்த வீட்டில் 'டக்' என்ற ஓசை எப்போதோ 'சொத்' என்று மாறிவிட்டிருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

ஆனால் சுவிட்ச் கருகுவதற்குத் தொடுமுனையைவிட அதிகக் காரணமாக இருப்பது, கம்பியைப் பிடிக்கும் திருகாணி. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். திருகாணி தளர்ந்து, அந்த இணைப்பில் அரை ஓம் தடை உண்டாகிவிட்டால், அந்த ஓரிடத்தில் மட்டும் 9 வாட் வெப்பம் பிறக்கும். ஓர் எல்.இ.டி. பல்பு முழுவதும் செலவிடும் ஆற்றல் ஒரு மிளகளவு திருகாணிக்குள் அடங்கிச் சூடாக மாறுகிறது என்றால் பிளாஸ்டிக் என்ன ஆகும்? சூட்டில் உலோகம் விரிந்து, ஆறும்போது சுருங்கி, இன்னும் தளர்ந்து, தடை மேலும் கூடும். அந்தக் காலத்து வீடுகளில் அலுமினியக் கம்பி போட்டிருந்தால் இது இன்னும் மோசம். அலுமினியம் திருகின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகிவிடும், அதன்மேல் படியும் ஆக்சைடு படலமோ மின்சாரத்தைக் கடத்தாது. 6 ஆம்பியர் சுவிட்சில் 2,000 வாட் கீசரையோ இண்டக்ஷன் அடுப்பையோ மாட்டுவது இந்த அழிவைத் தேடிப் போவது போன்றது, 8.7 ஆம்பியர் ஓடும் அவற்றுக்கு 16 ஆம்பியர் சுவிட்சும் சாக்கெட்டும் தடித்த கம்பியும் தனியாக வேண்டும். பழைய வகைச் சுவிட்சுகளின் யூரியா பிளாஸ்டிக் சூடேறும்போது மீன் கவிச்சி போன்ற வாடை வரும். மீனே சமைக்காத வீட்டில் அந்த வாடை வந்தால், சுவிட்ச் பலகைகளை ஒவ்வொன்றாகப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பலகை சூடாக இருந்தால் மெயினை அணைத்துவிட்டு ஆளை அழையுங்கள்.

அணைந்திருப்பதை மின்சாரம் இல்லாததாக எண்ணிக்கொள்வதால் வரும் ஆபத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அது நியூட்ரல் அறுவது. ஒருமுனை இணைப்பில் நியூட்ரல் எங்காவது அறுந்தால் வீட்டில் எதுவும் எரியாது. பீதியில்லாமல் டெஸ்டரை எடுத்துச் சாக்கெட்டில் வைத்தால், இரண்டு ஓட்டைகளிலும் அது எரியும். பேஸ், போட்டிருக்கும் விளக்கு மின்விசிறிகளின் வழியாக நியூட்ரல் கம்பிக்குள் வந்து, போக வழியில்லாமல் நிற்கிறது. அதைத்தான் நம் ஆட்கள் 'ரிட்டர்ன் வருது' என்கிறார்கள். எதுவும் எரியாத அந்த வீட்டில் கறுப்புக் கம்பிகூட அன்று உயிரை எடுக்கும். மூன்று பேஸ் கம்பிகள் வரும் மும்முனை இணைப்பில் நிலைமை வேறு. அங்கே விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் தவறாக எரியும். நியூட்ரல் அறுந்ததும் ஒரு பேஸின் சுமையும் மற்றொரு பேஸின் சுமையும் தொடராகி, இரண்டுக்கும் இடையே உள்ள 400 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இஸ்திரிப் பெட்டி போட்ட பக்கம் மின்னழுத்தம் படுத்துவிடும், இரண்டு எல்.இ.டி.யும் ஒரு தொலைக்காட்சியும் மட்டுமே உள்ள பக்கம் 300 வோல்ட்டைத் தாண்டும். ஓர் அறையில் மிக்ஸியைப் போட்டவுடன் மற்றோர் அறையில் விளக்கு பிரகாசமானால், அதைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் மெயினை அணைக்க வேண்டும்.

அம்மா வீட்டு மெயின் போர்டில் நியூட்ரலுக்கும் ஒரு பீங்கான் ஃபியூஸ் கேரியர் இருந்தது. அந்நாளில் அப்படிப் போடும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. நியூட்ரல் பக்கத்து ஃபியூஸ் முதலில் உருகினால், வீடு இருண்டுவிடும், பேஸ் மட்டும் எல்லா இடத்திலும் நிற்கும். அதை எடுத்துவிட்டு நியூட்ரலுக்கு உருகாத இணைப்பைக் கொடுத்து, பேஸுக்கு, ஓட்டம் அளவை மீறினால் தானே அணையும் எம்.சி.பி.யும், முழு வீட்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போட்டேன். போகும் ஓட்டத்துக்கும் திரும்பும் ஓட்டத்துக்கும் இடையே அந்த அளவு வித்தியாசம் வந்தால், அதாவது யார் உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ மின்சாரம் மண்ணுக்குப் போனால், அது கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது அடிக்கடி விழுகிறது என்று சொல்லி அதைக் கழற்றச் சொல்கிறவர்கள் உண்டு. விழுவது அதன் குறையன்று. சுவருக்குள் எங்கோ ஈரம் இறங்கியிருக்கிறது, அதைத்தான் தேட வேண்டும். பெரும்பாலும் மொட்டைமாடி விளக்கின் திறந்த குழாய்வாய் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கும். அதே வாயால் எறும்பும் பல்லியும் வரும். தொடுமுனைகளுக்கு நடுவே நசுங்கிய சிறு எறும்புகளால் சுவிட்ச் வேலை செய்யாமல் போனதை நானே பலமுறை சுரண்டித் துடைத்துச் சரிசெய்திருக்கிறேன்.

படிக்கட்டு விளக்கில் கண்ட தவறு அதோடு நின்றிருக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் டெஸ்ட் லேம்ப்போடு ஒவ்வொரு லைட் பாயிண்ட்டாகச் சோதித்தேன். அம்மா ஒரு பழைய நாட்குறிப்பில் குறித்துக்கொண்டே வந்தார். மொத்தம் 14 பாயிண்ட்டுகள். சமையலறையும் கூடமும் சரியாக இருந்தன. மாடி அறையில் ஒன்று நியூட்ரலில் வெட்டியிருந்தது. கொல்லைப்புறத்தில் ஒன்று. கடைசியாகக் குளியலறை விளக்கைச் சோதித்தேன். அதன் ஹோல்டரில் ஒவ்வொரு தை மாதமும் ஒட்டடை தட்டுவது அம்மாவின் வழக்கம். பொங்கலுக்கு வீட்டைக் கழுவிவிட்டு, சுவிட்சை அணைத்துவிட்டு, ஈரத் தரையில் இரும்பு முக்காலி போட்டு ஏறி, ஈரத் துணியால் அதைத் துடைப்பார். சுவிட்ச் அணைந்திருந்தது, ஹோல்டரில் வைத்த 60 வாட் பல்பு முழுமையாக எரிந்தது. அம்மா அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாட்குறிப்பில் குளியலறை என்று எழுதி, அதன்கீழ் இரண்டு கோடு போட்டார். நான் மெயினை அணைக்கப் போனேன்.